கடைசி மெஷின்ல போட்டுப் பாருங்க

"கன்ட்ரோல் எஸ். அடிச்சாச்சா? அடிச்சேன்னு வாயால சொல்லாதீங்க, கையால அடிங்க."

சேவ் டீச்சர் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்க்கிறார். திரையில் என் பெயரும், அதற்குக் கீழே 'இன்று நல்ல வெயில்' என்ற வாக்கியமும் இருக்கின்றன. உலகமே முழுகிப்போனாலும் அந்த வெயில் மட்டும் பத்திரமாக இருக்க வேண்டும் என்கிற கண்டிப்பு அவர் குரலில். அடிக்கிறேன். அவர் அடுத்த நாற்காலிக்கு நகர்கிறார். அங்கே மருந்துக்கடைக்காரர், "நான் இன்னும் ஒண்ணுமே எழுதலையே டீச்சர், எதைச் சேவ் பண்றது?" என்று கேட்கிறார்.

"ஒண்ணுமே எழுதலைங்கறதைச் சேவ் பண்ணுங்க. கை பழகட்டும்."

குழாயும் வாளியும் விற்கிற கடைக்கு மேலே இந்த வகுப்பு நடக்கிறது. மாடிப்படி ஏறும்போது கைப்பிடியைப் பிடித்தால் பெயின்ட் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு வரும். உள்ளே ஒரு நீள அறை. இரண்டு பக்கமும் சுவரைப் பார்த்தபடி கம்ப்யூட்டர்கள், காலுக்கடியில் பழைய தலைமுடி ரிப்பனால் கட்டிப் போட்ட வயர்க் கற்றைகள். எந்த விசைப்பலகையை வேண்டுமானாலும் பாருங்கள், எல்லா எழுத்தும் பளிச்சென்று இருக்கும், எஸ் மட்டும் தேய்ந்து வெள்ளையாக இருக்கும். அவருக்குச் சேவ் டீச்சர் என்று எந்தப் புண்ணியவான் பெயர் வைத்தானோ தெரியாது. அப்படி ஒரு பெயர் இருப்பது அவருக்கும் தெரியும். "சேவ் டீச்சர் இருக்காங்களா?" என்று படியேறி வந்து கேட்பவர்களிடம், "இருக்கேன், இன்னும் டெலிட் ஆகல, வாங்க" என்பார்.

வயதான காலத்தில் உனக்கு ஏன் இந்த வேலை என்று கேட்பீர்கள். எல்லாம் எங்கள் பத்திரிகை ஆசிரியர் செய்த உபகாரம். இத்தனை வருஷம் என் கோழிக்கிறுக்கலை வாய் பேசாமல் படித்து அச்சேற்றிய மனிதர், திடீரென்று ஒருநாள், "இனிமே டைப் பண்ணி அனுப்புங்க சார், கையெழுத்தைப் படிக்க ஆள் இல்ல" என்று சொல்லிவிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு எழுதுவதையே விட்டிருப்பேன். எழுதாமல் சும்மா வீட்டில் இருந்தால் வீட்டுக்காரி என்னை விட்டுவிடுவாள். ஆகவே வந்து சேர்ந்தேன்.

வகுப்பில் நாங்கள் எல்லாருமே கழுதை வயசு. மருந்துக்கடைக்காரருக்கு மகன் கடையில் பில் போடும் கம்ப்யூட்டர் வாங்கி வைத்துவிட்டான், அவருக்கு அதைத் துடைக்க மட்டும்தான் தெரியும். எனக்கு இந்தப் பக்கம் உட்காரும் தையல்காரம்மா பல வருஷத்துக்கு முன்னால் இதே வகுப்பில் சேர்ந்து, கல்யாண சீசன் வந்ததும் பாதியில் நின்றுபோனவர். இப்போது வாடிக்கையாளர்கள் ஜாக்கெட் டிசைனை ஈமெயிலில் அனுப்புகிறார்களாம், மறுபடியும் வந்திருக்கிறார். "அன்னிக்கிக் கத்துக்கிட்டது எல்லாம் ஊசிக் காதுல நிக்காத நூல் மாதிரி நழுவிடுச்சுங்க" என்பது அவர் வாக்குமூலம்.

டீச்சருக்கு நாற்பத்தைந்து வயதுக்குமேல் இருக்கும். கண்ணாடியைக் கயிற்றில் கட்டி மார்பில் தொங்கவிட்டிருப்பார். பலகையில் எழுதி முடித்ததும் மார்க்கரைக் கொண்டையில் செருகிவிட்டு, "மார்க்கர் எங்க? இங்கதானே வெச்சேன்?" என்று அறை முழுக்கத் தேடுவார். நாங்கள் யாரும் சொல்ல மாட்டோம். எங்களுக்கும் ஏதாவது பொழுதுபோக்கு வேண்டாமா?

பாடம் என்றால் அவரிடம்தான் கேட்க வேண்டும். "கம்ப்யூட்டர்னா ஒண்ணும் பயப்பட வேணாம். அதுக்குச் சுயபுத்தியே கெடையாது. நீங்க உள்ள போடறது இன்புட். அது வெளிய குடுக்கறது அவுட்புட். விதைச்சதுதான் முளைக்கும். வீட்ல மனுஷங்ககிட்ட நெல்லை விதைச்சாலும் சில நேரம் புல்லு முளைக்கும், அது வேற கதை." ரேம் என்றால் மேசை என்பார். ஹார்ட் டிஸ்க் என்றால் அலமாரி. "மேசை மேல வெச்சு வேலை செய்யறீங்க. கரண்ட் போச்சா, மேசையில இருந்ததை யாரோ வழிச்சு எறிஞ்ச மாதிரி ஆயிடும். அலமாரியில வெச்சுப் பூட்டினது மட்டும்தான் உங்களுது. அதுக்குத்தான் கன்ட்ரோல் எஸ். அடிச்சாச்சா?"

அழித்த ஃபைல் போய்க் கிடக்கும் ரீசைக்கிள் பின்னைப் பற்றிச் சொல்லும்போது ஒரு சிரிப்பு வரும் அவருக்கு. "அது கோவிச்சுக்கிட்டுத் தெருமுனை வரைக்கும் போன மாப்பிள்ளை. 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை சொன்னாப் போதும், செருப்பைக் கழட்டிட்டு உள்ள வந்துடுவார்." மருந்துக்கடைக்காரர் விடவில்லை. "அப்போ ஃபார்மேட்டுங்கறது யாரு டீச்சர்? டைவர்ஸா?" என்றார். எல்லாரும் சிரித்தோம். டீச்சர் சிரிக்கவில்லை. "ஃபார்மேட்னா ஃபார்மேட். அடுத்த பாடம்" என்று பலகையை அழிக்கத் தொடங்கிவிட்டார்.

பலகையை விட்டு எங்கள் பக்கம் வந்துவிட்டால் அவர் கைகள் இரண்டும் முதுகுக்குப் பின்னால் போய்க் கோத்துக்கொள்ளும். அப்புறம் பிரியவே பிரியாது. யாருடைய மௌஸையும் தொட மாட்டார். யாருடைய பென்டிரைவையும் வாங்க மாட்டார். "ஒரே ஒரு தடவை நீங்களே பண்ணிக் காட்டிடுங்களேன் டீச்சர், புண்ணியமாப் போகும்" என்று தையல்காரம்மா கெஞ்சுவார். "மேல பாருங்க. இடது பக்கம். உங்க இடதும்மா, என் இடது இல்ல. ஆங், அதேதான், அமுக்குங்க" என்று வாயாலேயே வழிநடத்துவார். இன்ஸ்பெக்ஷனுக்கு வந்த அதிகாரி மாதிரி என்ன இது ஒரு திமிர் என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக இருந்தது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. பென்டிரைவில் எதைக் காப்பி செய்தாலும், செய்த இடத்திலேயே திறந்து பார்த்தால் டீச்சர் ஒத்துக்கொள்ள மாட்டார். பிடுங்கிக்கொண்டு எழுந்து, அறையின் மறுகோடியில் ஜன்னலோரம் இருக்கும் கடைசி மெஷினுக்கு நடக்க வேண்டும். அதில் இன்டர்நெட் கிடையாது, வேறு எதனோடும் இணைப்பும் கிடையாது. அதில் செருகி, ஃபைலைத் திறந்து, உள்ளே இருப்பதை உரக்கப் படித்துக் காட்டினால்தான் அன்றைக்கு வீட்டுக்குப் போகலாம். "கடைசி மெஷின்ல போட்டுப் பாருங்க. அங்க திறந்தாத்தான் காப்பி. இங்க திறந்தா அது சும்மா சமாதானம்" என்பார்.

"டீச்சர், என் முட்டி வலிக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று மருந்துக்கடைக்காரர் முனகுவார்.

"முட்டி தேஞ்சா தைலம் இருக்கு, உங்க கடையிலேயே இருக்கு. எழுந்திருங்க."

ஷார்ட்கட் பாடம் நடந்த அன்றுதான் இதில் ஏதோ இருக்கிறது என்று எனக்குப் பட்டது. திரையில் ஒரு ஃபோல்டரின் படம் இருந்தது. இடது மூலையில் கடுகளவுக்கு ஓர் அம்புக்குறி. அதைப் பென்டிரைவில் காப்பி செய்யச் சொன்னார். செய்தோம். "இங்கேயே திறங்க" என்றார். நடக்க வேண்டாமா என்று எங்களுக்கு ஒரே ஆச்சரியம். திறந்தோம். உள்ளே எல்லா ஃபைலும் வரிசையாக இருந்தது, ஒரு பாட்டைத் தட்டினால் பாடவும் செய்தது. மருந்துக்கடைக்காரர் வெற்றிப் பெருமிதத்தோடு சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "இப்ப கடைசி மெஷினுக்குப் போங்க" என்றார் டீச்சர்.

அங்கே ஒன்றும் இல்லை. அம்புக்குறி போட்ட படம் மட்டும் இருந்தது. தட்டினால், அப்படி ஒன்றைக் காணோம் என்று கம்ப்யூட்டர் கையை விரித்தது.

"அங்க திறந்துச்சே டீச்சர்! பாட்டுக்கூடப் பாடுச்சே!" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"திறக்கும். பாடும். அதான் ஏமாத்துது" என்றார் டீச்சர். "நீங்க எடுத்துக்கிட்டு வந்தது வழிகாட்டிப் பலகை. ஊரு அங்கேயே இருக்கு. அந்த மெஷின்ல இருந்து பாத்தா பலகைக்குப் பின்னாடியே ஊரு தெரியும், எல்லாம் நம்ம பைக்குள்ள வந்துட்ட மாதிரி இருக்கும்." இதைச் சொல்லும்போது அவர் எங்களைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்தார்.

அன்று வகுப்பு முடிந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மற்றவர்கள் நனைந்துகொண்டே ஓடிவிட்டார்கள். குடை கொண்டுவராத டீச்சரும் குடையை வீட்டில் பத்திரமாக வைத்துவிட்டு வந்த நானும் மாடிப்படியில் உட்கார்ந்தோம். எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "தப்பா நினைக்காதீங்க டீச்சர். இந்தக் கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறது, கடைசி மெஷினுக்கு விரட்டறது, ரெண்டும் ஒரே வியாதியா?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். "ஒரே வியாதிதான் சார்" என்றார். பிறகு கீழே ஓடுகிற தண்ணீரைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினார்.

"எனக்கு ஒரு தங்கச்சி. பக்கத்துத் தெருவுலதான் இருக்கா. அவளுக்குத் தொண்டையில கட்டி வந்துச்சு. குரல்வளையையே எடுத்தாத்தான் உயிரு தங்கும்னுட்டாங்க. அப்போ அவ பொண்ணு தவழ்ந்துக்கிட்டு இருந்தா. நான்தான் சார் சொன்னேன், 'ஆபரேஷனுக்கு முன்னாடி உன் குரலைப் பதிஞ்சு வெச்சுக்கோடி, பாப்பா பெரியவளானதும் கேப்பா'ன்னு. அவ ஒரு லூசு, நாள் பூரா பதிஞ்சா. துணி மடிக்கறப்போ, பாத்திரம் கழுவறப்போ. பாப்பா பேரைக் கூப்பிடறது மட்டும் எத்தனை விதம்! கொஞ்சிக் கூப்பிடறது, அதட்டிக் கூப்பிடறது, குளிக்க வான்னு கூப்பிடறது. பள்ளிக்கூடத்துல இருந்து வந்தா எப்படிக் கூப்பிடுவேன்னு ஒண்ணு. நாளைக்கு அவளுக்குக் கல்யாணம் ஆனா எப்படிக் கூப்பிடுவேன்னு ஒண்ணு. எல்லாம் லேப்டாப்ல இருந்துச்சு."

மழை சாரலாக அடித்தது. அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா. கொஞ்ச நாள்ல லேப்டாப் ஆமை மாதிரி நகர ஆரம்பிச்சுது. வைரஸ். நான் எல்லாத்தையும் துடைச்சு ஃபார்மேட் பண்ணித் தரேன், உனக்கு வேணுங்கறதைப் பென்டிரைவ்ல எடுத்து வெச்சுக்கோன்னேன். எடுத்தா. அந்த அம்புக்குறி போட்ட ஃபோல்டரைத்தான் இழுத்துப் போட்டா. அவளுக்கு என்ன தெரியும்? நான் பாக்கலைன்னு நெனைக்காதீங்க. பாத்தேன். பென்டிரைவைத் திறந்து, உள்ள ஒரு ஃபைலை ஓடவிட்டேன். குரல் கேட்டுச்சு. கணீர்னு கேட்டுச்சு. அதே மெஷின்ல திறந்தா கேக்காம என்ன பண்ணும்? ஊருக்கெல்லாம் அம்புக்குறியைப் பாருன்னு சொல்லிக் குடுக்கறவ நான். தங்கச்சி குரலைக் கேட்டதும் அம்புக்குறி கண்ணுல படல. சரின்னு ஃபார்மேட் அடிச்சேன். இந்தக் கையாலதான் அடிச்சேன்."

"அதை மீட்டு எடுக்கிற கடையெல்லாம் இருக்குன்னு சொல்றாங்களே?"

"போனேன். புது விண்டோஸ் போட்டதோட விட்டிருந்தாக்கூட ஏதாச்சும் மிஞ்சியிருக்கும்னாங்க. நான் சும்மா இருந்தேனா? பாப்பா பாக்கட்டும்னு டிஸ்க் நிறைய கார்ட்டூனா ரொப்பிக் குடுத்தேன். அவ குரல் இருந்த எடத்துல எல்லாம் முயலும் கரடியும் உக்காந்துடுச்சு."

வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டிய நேரம் அது. நான் கேட்டேன்: "ரொம்பத் திட்டினாங்களா?"

"எதை வெச்சு சார் திட்டுவா?"

கேட்டிருக்க வேண்டாம். நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"அழுதா. அழுதாலும் சத்தம் வராது. கழுத்துல வெச்சுப் பேசற கருவி ஒண்ணு இருக்கு, அந்த எந்திரக் குரலைக் கேட்டு பாப்பா வீறிட்டு அழுதுச்சு. அதைப் பெட்டியில போட்டுட்டா. இப்ப எல்லாம் சைகை, இல்லேன்னா போன்ல தட்டிக் காட்டறது. என்கூடச் சண்டையெல்லாம் இல்ல. வருவா, சாப்பிடுவா, பொண்ணை என் மடியில விட்டுட்டு மார்க்கெட்டுக்குப் போவா. ஆனா அன்னிலேருந்து ஒரு சாமான் என் கையில குடுக்கறதில்ல. போன் கெட்டுப்போச்சுன்னா முன்னப்பின்ன தெரியாத கடைக்காரன்கிட்ட கொண்டுபோய்க் குடுக்கறா. பெத்த பொண்ணைக் குடுப்பா சார், போனைக் குடுக்க மாட்டா."

வேறு எங்குமே அந்தக் குரல் இல்லையா என்று கேட்டேன். கல்யாண வீடியோவில் ஆரம்பம் முதல் கடைசிவரை சினிமாப் பாட்டைப் போட்டு நிரப்பிவிட்டானாம் வீடியோக்காரன். பக்கத்துத் தெருவில் இருப்பவளுக்கு வாய்ஸ் மெசேஜ் எதற்கு என்று அதுவும் அனுப்பிக்கொண்டதில்லை. "பாப்பா பொறக்கறதுக்கு முன்னாடி நான் பாடம் எடுக்கறதை வீடியோ எடுத்தோம். அவதான் போனைப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. ஆரம்பத்துல ஏதாச்சும் கிண்டல் பண்ணுவா, சிரிப்பா. அதையெல்லாம் நான் வெட்டி எறிஞ்சேன், மூல ஃபைலையும் அழிச்சேன். பாடம் சுத்தமா இருக்கணுமாம். சுத்தம்! என் தலையில இடி விழ!" என்றார். மழை விடுவதற்குள் எழுந்து நனைந்துகொண்டே போய்விட்டார்.

அதற்கப்புறம் கடைசி மெஷினுக்கு நடக்க நான் முனகவில்லை. ஆனால் டீச்சரோ என்னிடம் சொன்னதாகவே காட்டிக்கொள்ளவில்லை. மறுநாளும் மார்க்கரைத் தேடினார், மறுநாளும் "அடிச்சாச்சா?" என்றார்.

பரீட்சை நாள் வந்தது. ஆளுக்கொரு பக்கம் தட்டி, சேவ் செய்து, பென்டிரைவில் எடுத்து, கடைசி மெஷினில் திறந்து காட்ட வேண்டும். பத்திரிகைக்கு எழுதுகிறவனான நான் பதற்றத்தில் 'இன்று நல்ல வெயில்' என்பதையே மறுபடியும் தட்டினேன். தையல்காரம்மாவின் புது பென்டிரைவை மகள் எடுத்துக்கொண்டு போய்விட்டாளாம். பட்டன் டப்பாவுக்குள் கிடந்த பழைய பென்டிரைவைத் தேடி எடுத்து வந்திருந்தார். முதல் தடவை வகுப்பில் சேர்ந்தபோது வாங்கியது. அதில் ஒட்டியிருந்த நூலைப் பிய்த்துப் போட்டுவிட்டுச் செருகினார்.

டீச்சர் இந்தக் கோடியில் மருந்துக்கடைக்காரரிடம், "ஃபைலுக்குப் பேர் வைங்கன்னா 'அ'ன்னு வெச்சிருக்கீங்க, நாளைக்கு எப்படித் தேடுவீங்க?" என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். அந்தக் கோடியில் தையல்காரம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு எதையோ தட்டினார். அது அவர் எழுதிய பக்கம் இல்லை.

மெஷினோடு இருந்த ஸ்பீக்கரில் ஒரு பெண்ணின் குரல் எழுந்தது. "ஏய் அக்கா! வாயை மூடிக்கிட்டு நிக்கிறியே, பேசுக்கா. ஓடுது, ஓடுது. ஐயோ, போன் ஆடுதே..." தொடர்ந்து வாய்விட்டு ஒரு சிரிப்பு. அதற்குப் பிறகு ரொம்ப இளமையான டீச்சரின் குரல், தொண்டையைச் செருமிக்கொண்டு, "வணக்கம். கணினி என்றால் என்ன?" என்றது.

தையல்காரம்மா திடுக்கிட்டு மௌஸிலிருந்து கையை எடுத்தார். "ஐயையோ, எதையோ தட்டிட்டேன் டீச்சர், முன்னாடி சேர்ந்தப்போ, வீடியோ எடுத்த கையோட நீங்க காப்பி பண்ணிக்கச் சொன்ன பழைய பாடம் போலிருக்கு. அழிச்சுடட்டுமா?"

"தொடாதீங்க!"

அப்படி ஓர் அலறலை அவரிடமிருந்து நாங்கள் கேட்டதில்லை. டீச்சர் அறையின் நீளத்தை எப்படிக் கடந்தார் என்று தெரியாது. கடைசி மெஷின் முன்னால் வந்து நின்றார். நாற்காலி காலியாகத்தான் இருந்தது, தையல்காரம்மா பயந்து எழுந்து ஒதுங்கி நின்றார். மௌஸ் அங்கேயே இருந்தது. டீச்சரின் கைகள் முதுகுக்குப் பின்னால் ஒன்றையொன்று நெரித்துக்கொண்டிருந்தன. பின்னால் நின்ற எனக்கு அவர் விரல்கள் வெளுத்துப்போனது தெரிந்தது.

"உக்காருங்கம்மா" என்றார். "நீங்களே பண்ணுங்க. அந்த ஃபைல் மேல வைங்க. வலது பட்டன். காப்பி. கட் இல்ல, கட் இல்ல, காப்பி! அம்புக்குறி இருக்கா பாருங்க. மூலையில. நல்லாப் பாருங்க."

"இல்லைங்களே."

"அளவு எவ்ளோன்னு காட்டுதா? பெருசா இருக்கா?"

"பெருசாத்தாங்க இருக்கு" என்றார் தையல்காரம்மா. அவருக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனாலும் அழுதுவிட்டார்.

அப்புறம் நடந்த கூத்தைச் சொல்லவேண்டும். எங்கள் எல்லாருடைய பென்டிரைவிலும் அது காப்பியானது. "வேற மெஷின்ல போட்டுப் பாருங்க, எல்லாரும் வேற வேற மெஷின்ல" என்றார் டீச்சர். முட்டிவலிக்காரரான மருந்துக்கடைக்காரர் ஓடினார். நான் என் இடத்துக்கு ஓடினேன். ஒரு மெஷினில் "ஏய் அக்கா!" என்றது. அதே நேரம் இன்னொன்றில் "ஓடுது, ஓடுது" என்றது. வேறொன்றில் சிரித்தது. அறை முழுக்க அந்தக் குரல் முன்னும் பின்னுமாக அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது. டீச்சர் நடுவில் நின்று ஒவ்வொரு பக்கமாகத் திரும்பினார். யார் கூப்பிடுகிறார்கள் என்று பார்ப்பதுபோல இருந்தது. பரீட்சையை யாரும் முடிக்கவில்லை.

மறுநாள் சாயங்காலம் தங்கை வந்தார். அக்காவைவிட உயரம், கழுத்தைச் சுற்றி ஒரு மெல்லிய துணி. கூடவே மகள். இரண்டு பேருக்குமான பேச்சையும் அவளே பேசிக்கொண்டு வந்தாள். "பெரியம்மா, கீழ் படியில பூனை தூங்குது. பெரியம்மா, அம்மா கேக்குறாங்க, எதுக்கு வரச் சொன்னீங்கன்னு. பெரியம்மா, உங்க கொண்டையில மார்க்கர் இருக்கு." நானும் மருந்துக்கடைக்காரரும் தையல்காரம்மாவும் வீட்டுக்குப் போகாமல், ஏதோ தட்டுவதாகப் பாவனை செய்துகொண்டு உட்கார்ந்திருந்தோம். வெட்கமில்லாத ஜென்மங்கள்தான், ஒத்துக்கொள்கிறேன்.

டீச்சர் தலையால் சைகை செய்தார். தையல்காரம்மா கடைசி மெஷினில் அதை ஓடவிட்டார்.

தங்கை முதல் சொல்லிலேயே நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார். அந்தச் சிரிப்பு வந்தபோது அவர் வாயும் திறந்தது. சத்தம் இல்லை.

சிறுமி ஸ்பீக்கரையே பார்த்தாள். "யாரு பெரியம்மா இது? இப்படிச் சிரிக்கிறாங்க?"

நாங்கள் திரையைப் பார்த்துக்கொண்டோம். தங்கை மகளின் மோவாயைத் தொட்டுத் தன் பக்கம் திருப்பி, உள்ளங்கையைத் தன் நெஞ்சில் வைத்துக் காட்டினார்.

"நீயா?" அவள் அம்மாவின் வாயை, பிறகு ஸ்பீக்கரை, பிறகு மறுபடியும் வாயைப் பார்த்தாள். "இன்னொரு தடவை."

இன்னொரு தடவை ஓடியது. அதற்கப்புறமும் ஓடியது. "வாயை மூடிக்கிட்டு நிக்கிறியே" என்பதை அவள் அதே மாதிரி சொல்லிப் பார்த்துச் சிரித்தாள். சிரிப்பும் கிட்டத்தட்ட அதே சிரிப்பு. பிறகு கேட்டாள்: "இதுல என் பேரைச் சொல்லுவாங்களா?"

"இதுல இல்லடா தங்கம். நீ அப்போ பொறக்கவே இல்ல."

"வேற எதுலயாச்சும் இருக்கா?"

தங்கை அவசரமாகக் கையை நீட்டி மகளின் வாயைப் பொத்தப் பார்த்தார். பதிவுகளை அக்கா தொலைத்ததை இத்தனை வருஷமாக மகளிடம் அவர் சொன்னதில்லை என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"இருந்துச்சு" என்றார் டீச்சர். "நிறைய இருந்துச்சு. உன் பேரு மட்டுமே அவ்ளோ இருந்துச்சு. பெரியம்மாதான் தொலைச்சுட்டேன்."

சிறுமிக்கு அதன் முழு கனம் தெரிந்திருக்காது. "தேடிப் பாத்தீங்களா?" என்று மட்டும் கேட்டாள். டீச்சர் ஆமாம் என்று தலையை ஆட்டினார். கண்ணாடிக் கயிறு நனைந்தது. துடைக்கக் கை வரவில்லை, கைகள் பின்னால் இருந்தன.

தங்கை கைப்பையைத் திறந்து தன் போனை எடுத்து அக்காவிடம் நீட்டினார். அந்தக் குரலை அதில் ஏற்றித் தா என்று அர்த்தம்.

டீச்சர் ஓரடி பின்வாங்கினார். "வேணாம்டி. நீயே பண்ணிக்கோ, நான் சொல்றேன். அந்தக் கேபிளை எடு. போன்ல கீழ்ப்பக்கம் சொருகு. இந்தம்மாவைக் கேளு, நல்லாப் பண்ணுவாங்க. எல்லாரும் நல்லாப் பண்ணுவாங்க."

நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. டீச்சர் வாங்கவில்லை. கடைசியில் தங்கை அக்காவைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனார். கோத்திருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார். போனை அந்த உள்ளங்கையில் வைத்தார். விரல்கள் மூடவில்லை, விறைத்துக்கொண்டு நின்றன. தங்கை தன் இரண்டு கைகளாலும் அவற்றை மடக்கி, போனோடு சேர்த்து மூடி, விடாமல் பிடித்துக்கொண்டார்.